நம்மைப் பற்றி ஊருக்கு எவ்வளவு தெரியும்? தகவலும் ஓர் அமானிதமே

 

2025 நவம்பர் 4 அன்று தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, கொடுங்கையூரில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சாக இருந்தது. 2002, 2005ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் வாப்பாவின் பெயராவது இருக்கிறதா? முத்தமிழ் நகரிலும் கண்ணதாசன் நகரிலும் இளைஞர்கள் கைப்பேசியை வைத்துக்கொண்டு தம் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் தேடிக் கொடுத்தார்கள். முஹம்மது என்ற ஒரே பெயரை முகமது, முகம்மது, மொஹமது என எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேட வேண்டியிருந்தது. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளியானபோது மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இடம்பெறவில்லை. அந்தக் கவலையும் அலைச்சலும் இன்னும் நம் நினைவை விட்டு அகலவில்லை.

அந்தத் தேடலின்போது பலரும் வியப்போடு கவனித்த செய்தி ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் வாடகைக்கு இருந்த வீட்டின் கதவு எண், கணவர் அல்லது தந்தையின் பெயர், வயது ஆகிய எல்லாமே திரையில் வந்து நின்றன. நம் வீட்டாருடையவை மட்டுமா வந்தன? அதே தெருவில் இருந்த அனைவருடையவும் வந்தன. நாம் அவர்களைப் பார்க்க முடிந்தால், நம்மையும் யாரோ பார்க்க முடியும் அல்லவா? “நம்மைப் பற்றி வெளியில் என்னென்ன கிடக்கிறது?” என்ற கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறையேனும் கேட்டுப் பார்ப்பது அவசியம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அக்கேள்விக்கு விடை தேடினால், அரசு வெளியிட்டதைக் காட்டிலும் நாமே நம் கையால் பரப்பியதே அதிகத் தீங்கு தரவல்லது என்பதும் புலப்படும்.

வெளியில் கிடப்பவை எவை?

முதலாவது வாக்காளர் பட்டியல். பொதுமக்களுக்கான பிரதியில் புகைப்படம் இராது; பெயர், உறவினர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் இருக்கும். இப்பட்டியலை எளிதில் தேடக்கூடிய எழுத்து வடிவில் தர வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் ஏற்கவில்லை. பட்டியல் பட வடிவிலேயே தொடர்ந்தது. இலட்சக்கணக்கானோரின் விவரங்களை இயந்திரத்தால் அள்ளிச் செல்வது எளிதாகிவிடக் கூடாது என்ற கவலை தேர்தல் ஆணையத்துக்கு இருந்தது.

இரண்டாவது சொத்து ஆவணம். சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும் தெரிந்தால், பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை எவரும் பார்க்கலாம். யார் விற்றார், யார் வாங்கினார், பத்திரத்தில் காட்டிய தொகை எவ்வளவு என்பவை அதில் இருக்கும்.

மூன்றாவது நீதிமன்றத் தீர்ப்புகள். குற்றவியல் வழக்கொன்றில் சிக்கிப் பின்னர் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் உள்ள தம் பெயரை மறைக்க வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். இணையத்தில் பெயரைத் தேடுவோருக்கு விடுதலை கண்ணில் படுவதில்லை. வழக்குத்தான் படுகிறது என்பது அவருடைய வேதனை. 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி அம்மனுவைத் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. நம் சமுதாயத்தில் ஒரே பெயர் கொண்டோர் ஏராளம். அப்துல் காதர் என்று தேடினால் எத்தனை அப்துல் காதர்கள் வருவார்கள்! எவருடைய வழக்கோ எவர் தலையிலோ விழுந்து, வாடகை வீடும் வேலையும் கைநழுவும் ஆபத்து நமக்குக் கூடுதலாகவே உண்டு. ஆகவே நம் பெயரைத் தேடினால் எவருடைய செய்தி வருகிறது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றைத் தனித்தனியே பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. ஒருவர் வாக்காளர் பட்டியலில் முகவரியையும், முகநூலில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையையும், பத்திரப் பதிவில் வீட்டின் மதிப்பையும், அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலியில் கைப்பேசி எண்ணுக்குரிய பெயரையும் எடுத்து ஒன்றாகக் கோத்தால், ஒரு குடும்பத்தின் முழு உருவமும் முன்பின் அறியாதவர் கையில் வந்துவிடும். “உங்கள் மகன் இந்தப் பள்ளியில்தானே படிக்கிறான்?” என்று தொலைபேசியில் ஆரம்பிக்கும் மோசடிக்காரனுக்கு இத்தகைய கோவை போதும்.

மறைக்கக் கூடாதவை

இதைப் படித்ததும் “அப்படியானால் எல்லாவற்றையும் மறைத்துவிட வேண்டும்” என்று எவரேனும் எண்ணினால் அது தவறு. சில பதிவுகள் வெளிப்படையாக இருப்பதே எளியவர்களுக்குப் பாதுகாப்பு. பீகாரில் இதே திருத்தப் பணியின்போது வரைவுப் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பேரின் பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அப்பெயர்கள் வெளியில் வந்ததால்தான், உயிரோடு இருப்பவர் “இறந்தவர்” எனக் குறிக்கப்பட்டிருந்தால் அதை எதிர்த்துக் கேட்க வழி பிறந்தது. வில்லங்க விவரமும் அத்தகையதே. பிறர் நிலத்தைப் போலிப் பத்திரத்தால் விற்பவனை அது காட்டிக்கொடுக்கும்.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அசையாச் சொத்து குறித்த பதிவுப் புத்தகத்தை எவரும் பார்வையிடலாம். உயில் பதிவான புத்தகத்துக்கு அந்தத் திறப்பு கிடையாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகல் அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே கிடைக்கும். ஒரு தகவலை எவர், எதற்காக, எவ்வளவு அறிய வேண்டும் என்ற அளவுகோல் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அச்சட்டத்திலும் இருந்தது.

நம் மார்க்க அறிஞர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த அளவுகோலை வகுத்துவிட்டார்கள். புறம் பேசுவது ஹராம். ஆயினும் அநீதிக்கு எதிராக முறையிடுதல், மார்க்கத் தீர்ப்புக் கேட்டல், ஆபத்தை எச்சரித்தல் முதலான ஆறு சந்தர்ப்பங்களில் பிறரின் குறையைக் கூற அனுமதி உண்டு என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் தொகுத்துள்ளார்கள். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் நம்பகத்தன்மையை அறிஞர்கள் ஏடுகளில் எழுதி வைத்ததும் இதன் அடிப்படையிலேயே. தேவை இருந்தது, தேவையின் அளவுக்குச் சொன்னார்கள், சுவைக்காகச் சொல்லவில்லை.

கசிந்தவையும் சட்டமும்

சட்டப்படி வெளியில் இருப்பவை ஒருபுறம். களவாகவும் கவனக்குறைவாலும் வெளியேறியவை மறுபுறம். 2021இல் தமிழகப் பொது விநியோகத் திட்டத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையக் கள்வர்களின் தளமொன்றில் கிடைப்பதாக ஓர் இணையப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. ரேஷன் கடையில் நாம் நம்பிக் கொடுத்த ஆதார் எண்ணும் குடும்ப உறவும் அவற்றில் இருந்தன என்பது செய்தி. 2023 ஜூனில், கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் கொரோனா தடுப்பூசி போட்டவரின் பெயர், பிறந்த ஆண்டு, அடையாள அட்டை எண் ஆகியவற்றைத் தரும் தானியங்கிக் கணக்கொன்று டெலிகிராமில் இயங்கியது. கோவின் தளம் நேரடியாக உடைக்கப்படவில்லை என அரசு மறுத்தது. மறுப்பு எதுவாயினும் விவரங்கள் பலர் கண்ணில் பட்டுவிட்டன.

அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது; அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

இச்சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய இடம் 3ஆம் பிரிவு. ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தம் தகவலுக்கு இச்சட்டம் பொருந்தாது. தனிமனிதர் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ கையாளும் தகவலுக்கும் பொருந்தாது. நாம் நம் கையால் திறந்து வைத்த கதவுக்கு இச்சட்டம் காவல் நிற்காது. அந்தக் கதவைக் காக்க வேண்டியது நம் ஈமானும் ஒழுக்கமும்தான்.

நம் கையால் திறந்த கதவுகள்

2021 ஜூலையில் “சுல்லி டீல்ஸ்” என்ற பெயரிலும், 2022 ஜனவரி முதல் நாளில் “புல்லி பாய்” என்ற பெயரிலும் முஸ்லிம் பெண்களை ஏலப்பொருள் போலக் காட்டிய இழிசெயலை நாம் மறக்கவில்லை. பத்திரிகையாளர்கள், வழக்குரைஞர்கள், மாணவிகள் எனப் பலரின் படங்கள் சமூக வலைத்தளங்களிலிருந்து திருடப்பட்டன. அக்குற்றம் முழுவதும் அதைச் செய்தவர்களையே சாரும். “படம் போட்டதால்தானே வந்தது” என்று அப்பெண்களைக் குறை கூறுவது அநீதியின் மீது அநீதி. ஆனால், நம் பெண்களின் படத்தையும் எண்ணையும் அவர்களுடைய விருப்பம் கேளாமல் பரப்புபவர்கள் நம்மிடையே இல்லையா?

நிகாஹ் வரன் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் பெயர், புகைப்படம், உயரம், நிறம், தந்தையின் தொழில், வீட்டு முகவரி, கைப்பேசி எண் ஆகியவை ஒரே தாளில் அடங்கியிருக்கும். தலாக் அல்லது குலா ஆனவராயின் அதற்கான காரணமும் சேர்ந்திருக்கும். அத்தாள் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்கும், அங்கிருந்து துபாய்க்கும் பயணம் செய்யும். அப்பெண்ணுக்குத் திருமணமாகிக் குழந்தை பிறந்த பின்னும் ஏதோ ஒரு குழுவில் அது உலவிக்கொண்டிருக்கும்.

மார்க்கம் இதில் என்ன வழி காட்டுகிறது? பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அண்ணலார் அந்த இருவரிடமும் இருந்த குறையை ஒளிவின்றிக் கூறி, உஸாமா (ரலி) அவர்களை மணக்குமாறு ஆலோசனை வழங்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. கேட்டவர் தேவையுடையவர், ஆகவே உண்மை முழுமையாகச் சொல்லப்பட்டது. ஆனால் அவருக்கே சொல்லப்பட்டது. மிம்பரில் ஏறி அறிவிக்கப்படவில்லை. வரன் விசாரிப்பில் உண்மையைச் சொல்வது கடமை. அதை ஐந்நூறு பேர் கொண்ட குழுவில் வைப்பதற்கு இதில் ஆதாரம் இல்லை.

உதவிக் கோரிக்கைகளின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. எங்கள் பகுதியில் கணவரை இழந்த ஒரு சகோதரிக்காக, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வேண்டி ஒரு செய்தி பரப்பப்பட்டது. பெயர், தெரு, கைப்பேசி எண், பிள்ளைகளின் படம் எல்லாம் அதில் இருந்தன. கட்டணம் ஒரு வாரத்தில் சேர்ந்துவிட்டது, அல்ஹம்து லில்லாஹ். செய்தியோ நிற்கவில்லை. தனித்து வாழும் பெண் என்பதை அறிந்த அந்நியர்கள் இரவு நேரங்களில் அழைக்கத் தொடங்கினார்கள். பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய எண்ணை அவர் மாற்ற நேர்ந்தது. பழைய எண்ணுக்கு வந்துகொண்டிருந்த தையல் வேலைகளும் அதோடு போயின. உதவியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். நல்லெண்ணம் அந்தச் சகோதரியின் கதவைத் தாழிடவில்லை.

ரமளானில் அரிசிப் பையும் பேரீச்சம்பழமும் வழங்கும்போது ஏழைகளை வரிசையில் நிற்கவைத்துப் படமெடுப்பதும் இவ்வகையே. தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே என்றும், மறைவாக ஏழைகளுக்கு அளிப்பது மேலும் சிறந்தது என்றும் அல்பகரா அத்தியாயம் போதிக்கிறது. வெளிப்படையாகக் கொடுப்பதில் கொடுப்பவர்தாம் வெளிப்படுகிறார். வாங்குபவரின் முகத்தை வெளிப்படுத்த நமக்கு எவர் அனுமதி தந்தார்? அதே அத்தியாயம், சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என எச்சரிக்கவும் செய்கிறது. வகுப்புத் தோழன் கைப்பேசியில் தன் தாய் வரிசையில் நிற்கும் படத்தைக் காணும் சிறுவனுக்கு அது நோவினையாக இராதா?

“மறைக்க என்ன இருக்கிறது?”

இவ்வாறு கூறும்போது இரண்டு மறுப்புகள் எழுகின்றன. “தவறு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?” என்பது முதலாவது. நபி (ஸல்) அவர்களின் இல்லத்தை ஒருவர் துவாரம் வழியே எட்டிப் பார்த்தபோது, அண்ணலார் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் ஒழுங்கே பார்வையின் காரணமாகத்தான் விதிக்கப்பட்டது என்றும் விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உண்டு. அண்ணலாரின் வீட்டைவிடத் தூய வீடு எது? அங்கே தவறு ஏதும் நடந்ததால் மறைவு தேவைப்படவில்லை. மறைவு மனிதனின் கண்ணியத்துக்குரியது. அதனால்தான் அந்நூர் அத்தியாயம் பிறர் வீட்டில் நுழைய அனுமதி கேட்கச் சொன்னதோடு, வீட்டுக்குள்ளேயே மூன்று வேளைகளில் பிள்ளைகளும் அனுமதி கேட்க வேண்டும் என்று கற்பித்தது. அல்ஹுஜுராத் அத்தியாயம் துருவி ஆராய்வதைத் தடுத்தது. இன்று வீட்டின் சுவர் செங்கல்லால் மட்டும் ஆனதன்று. கைப்பேசியும் ஒரு வாசல்தான்.

இரண்டாவது மறுப்பு நியாயமானது. “பணம் கொடுப்பவர்கள் சான்று கேட்கிறார்கள், படம் போடாவிட்டால் நம்ப மாட்டார்கள்.” பொய்க் கோரிக்கைகள் பெருகிவிட்ட காலத்தில் இக்கவலை உண்மையானதே. அதற்கு விடை ஜமாஅத்தின் கணக்குப் புத்தகத்தில் உள்ளது. எத்தனை குடும்பங்களுக்கு, என்ன தேவைக்கு, எவ்வளவு தொகை வழங்கப்பட்டது என்பதை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் எழுதலாம். பெயர்ப் பட்டியலை நிர்வாகிகள் இருவரும் கணக்குத் தணிக்கையாளரும் மட்டும் பார்க்கலாம். கொடுப்பவருக்குக் கணக்கு தெரியும்; வாங்குபவரின் மானம் காக்கப்படும். நம்பிக்கைக்குத் தேவை கணக்கே, முகம் அன்று.

செய்ய வேண்டியவை

ஒரு விடுமுறை நாளில் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, குடும்பமாக அமர்ந்து இவற்றைச் செய்து பாருங்கள்.

முதலில், குடும்பத்தார் ஒவ்வொருவரின் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும், வழங்கும் எழுத்துவகைகள் அனைத்திலும் இணையத்தில் தேடுங்கள். கைப்பேசி எண்ணையும் தனியே தேடுங்கள். தேவையற்ற இடத்தில் எண்ணோ முகவரியோ தென்பட்டால், அத்தளத்தாரிடம் நீக்கக் கோருங்கள். கூகுள் தேடலிலிருந்து நீக்கக் கோரவும் தனிப் படிவம் உண்டு.

இரண்டாவதாக, வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, உறவினர் பெயர் ஆகியவை சரியாக உள்ளனவா எனப் பாருங்கள். சொந்த வீடோ மனையோ இருந்தால் வில்லங்க விவரத்தை ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். இவை மறைக்கும் முயற்சி அல்ல. உரிமையைக் காக்கும் முயற்சி.

மூன்றாவதாக, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன எனப் பாருங்கள். அறியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் பெயரில் வேறெவரும் கடன் வாங்கியிருந்தால் அதில் தெரியும்.

நான்காவதாக, ஆதார் நகல் கேட்கும் இடங்களில் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட பிரதியைக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் வீணாகும் பிரதியைக் கிழித்துவிட்டு வாருங்கள். வடை மடித்துத் தரும் தாளில் எவருடைய ஆதாரோ இருப்பதை நாம் கண்டதில்லையா? குப்பையில் போட்டதால் ஒரு பொருள் இல்லாமல் போய்விடாது என்பதை நம் ஊர்க் குப்பைக் கிடங்கின் பக்கத்தில் வாழும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எண்ணோ படமோ தவறாகப் பயன்படுத்தப்பட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணில் அல்லது இணையக் குற்றப் புகார் தளத்தில் முறையிடுங்கள். மகளுக்கு அப்படி நேர்ந்தால் முதலில் அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்துகொள்வோம் என்று அஞ்சித்தான் பல பிள்ளைகள் மிரட்டலை வெளியில் சொல்லாமல் தனியே சுமக்கிறார்கள்.

ஜமாஅத்துகளிடமும் மதரஸாக்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாக் காணொளியில் மாணவிகளின் முகமும் பெயரும் வருவதாயின் பெற்றோரின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். சற்று வளர்ந்த மாணவியாயின் அவளிடமும் கேளுங்கள். வரன் தாள்களைக் குழுவில் இடாமல் பொறுப்பான ஒருவரிடம் வைத்து, கேட்பவரை விசாரித்துக் கொடுங்கள். நிகாஹ் முடிந்ததும் அழித்துவிடுங்கள். உதவிக் கோரிக்கையில் பாதிக்கப்பட்டவரின் எண்ணுக்குப் பதிலாக நிர்வாகியின் எண்ணை இடுங்கள். தேவை நிறைவேறியதும், நிறைவேறியது என்று அறிவித்து நிறுத்துங்கள்.

ஒரு சபையில் பேசப்படுபவை அமானிதம் என்பது நம் மார்க்கத்தின் போதனை. நம்மிடம் வந்து சேரும் எண், படம், முகவரி ஒவ்வொன்றும் அத்தகைய அமானிதமே. அடுத்த முறை ஒரு சகோதரியின் விவரத்தை “பகிர்க” என்ற சொல்லோடு எவரேனும் அனுப்பினால், அவரிடம் கேட்டாயிற்றா என்று ஒரு கணம் விசாரியுங்கள். பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறுமையில் மறைப்பான் என்ற நற்செய்தி நமக்கு உண்டு.

அல்லாஹ் நம் அனைவரின் மானத்தையும் காத்து, பிறர் மானத்தைக் காப்பவர்களாகவும் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.